தீட்டுக் கழிக்கப் புறப்பட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சவுத்எண்ட் கடற்கரையில் மண்டபத்துக்கென்று பழைய பப் ஒன்றை வாங்கியிருக்கும் நம் சங்கத்து நிர்வாகக் குழுவினருக்கு,

போன ஞாயிறு கூட்டத்தில் மூன்று தீர்மானம் எடுத்தீர்கள். உள்ளே இருக்கும் பழைய மரச் சாமான் முழுவதையும் கழற்றி எறிவது. வெளிச்சுவரின் பச்சை ரைல்ஸை உடைத்துச் சீமெந்து பூசி வெள்ளையடிப்பது. திறப்பு விழாவுக்கு முதல்நாள் ஐயரைக் கூப்பிட்டுப் புண்ணியாகவாசனம் செய்து, சாராயம் ஓடிய இடத்தின் தீட்டைக் கழிப்பது. மூன்றுக்கும் கை உயர்ந்தது. நான் பின்வரிசையில் இருந்தேன். கை உயர்த்தவில்லை, எழும்பிப் பேசவும் இல்லை. பேசாமல் வந்தது என் பிழை. அதற்குத்தான் இந்த மடல்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பக்கம் நடந்து போனேன். வாசலில் இடிபாடுகளைக் கொட்டுகிற மஞ்சள் இரும்புத் தொட்டி, ஸ்கிப், நின்றது. பார் மேசையின் அடியில் காலை ஊன்றி நிற்கிற பித்தளைக் கம்பி இரண்டாக வளைந்து கிடந்தது. அதன்மேல் ஒரு கதவுக் கண்ணாடி. பனி படிந்த மாதிரி மங்கலாக்கிய கண்ணாடி. கரையில் திராட்சைக்கொடி, நடுவில் மட்டும் தெளிவாக விட்ட எழுத்து. 'ஜக் அண்ட் பொட்டில்' என்று இருக்கும். இருந்தது. இப்போது 'ஜக் அண்ட்' வரைக்கும்தான் மிச்சம், மற்றப் பாதி நொறுங்கிப் போயிற்று. அங்கே வேலை செய்த பெடியனிடம் கேட்டேன். "வேணுமெண்டா கொண்டு போங்கோ அங்கிள், பின்னேரம் லொறி வந்திடும்" என்றான். காரின் பின் சீற்றில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது என் கராஜில் பழைய போர்வைக்குள் இருக்கிறது. அது திருட்டு என்றால் செயலாளர் தம்பி தாராளமாகப் பொலிசுக்குச் சொல்லலாம்.

அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் அங்கே வேலைக்குப் போகும்வரை தெரியாது. பழைய பப்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் இருக்கும். இரண்டு காசு கூடக் கொடுத்துக் கம்பளத்தில் இருந்து குடிப்பவர்களுக்கு சலூன் பார். வேலை உடுப்போடு வருகிறவர்களுக்கு பப்ளிக் பார். அங்கே வெறும் பலகைத் தரை. இவை தவிரப் பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு. உள்ளே ஒரு ஆள் நிற்கத்தான் இடம், முன்னால் ஒரு பலகைத் தட்டு, அதற்கு மேல் சின்ன யன்னல். உள்ளே இருந்து குடிக்க மனமில்லாதவர்கள், ஆம்பிளைகள் மத்தியில் போய் நிற்கக் கூச்சப்பட்ட பெண்கள், தகப்பன் அனுப்பிய பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்து ஜக் கொண்டுவந்து அந்த யன்னலில் நீட்டுவார்கள். நிரப்பிக் கொடுப்பார்கள். கொண்டுபோகிற வழியில் பிள்ளைகள் வாய் வைத்திருக்கவேண்டும். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை வந்தால் முத்திரையிட்டு மூடிய பாத்திரத்தில்தான் கொடுக்கலாம் என்று 1901இல் ஒரு சட்டமே போட்டார்கள்.

வாங்கி வெளியே கொண்டுபோய்க் குடிக்கிற அதே வியாபாரத்துக்குத்தான் இன்றைக்கு ஓஃப் லைசென்ஸ் என்று பெயர். தலைவர் அண்ணை, உங்கள் முதல் கடை ஓஃப் லைசென்ஸ். பொருளாளருடையதும் அதுதான். என்னுடையதும் அதுதான். மண்டபத்துக்குக் காசு தந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்: பியர்க் கானிலும் விஸ்கிப் போத்தலிலும் வராத காசு எத்தனை பவுண்? அந்தக் காசு கைக்கு வரும்போது தீட்டு இல்லை. நம் தொழிலின் பாட்டன் வீட்டுக் கதவைக் கழற்றி ஸ்கிப்பில் போடும்போது மட்டும் தீட்டு வந்துவிட்டதா?

நான் அந்தக் கட்டடத்துக்குள் முதன்முதல் போனது 1989 வசந்தகாலத்தில். குடிக்கப் போகவில்லை, வேலை கேட்டுப் போனேன். அகதி விண்ணப்பம் உள்துறையில் கிடந்தது. என்னோடு ஒரே அறையில் இருந்தவன் ஹார்விச்சில் 'ஏர்ல் வில்லியம்' கப்பலில் அடைபட்டிருந்தவன். மறந்திருக்கமாட்டீர்கள்: 1987இல் நம் பெடியங்களைத் தடுத்து வைக்க இந்த நாட்டு அரசாங்கம் ஒரு பழைய பயணிகள் கப்பலைச் சிறையாக்கியது. அந்த ஒக்டோபர் பெரும்புயலில் கப்பல் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தரை தட்டியது. அதற்குப் பிறகுதான் அவர்களை வெளியே விட்டார்கள். அவன் இரவில் காற்று அடித்தால் எழும்பி இருப்பான். கடற்கரை வேலை வேண்டாம் என்று சொன்னதும் அவன்தான். நான் கேட்கவில்லை.

பப்பை நடத்தியவர் ஒரு அம்மா. புருஷன் செத்தபிறகு லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றி எடுத்தவர். பெயரை இங்கே எழுதவில்லை, அவருக்கு அது பிடிக்காது. வாசல் நிலைக்கு மேலே கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் அவர் பெயர் எழுதியிருக்கும், கீழே பியரும் வைனும் ஸ்பிரிட்ஸும் விற்க உரிமம் பெற்றவர் என்று இருக்கும். அந்த நாளில் சட்டப்படி அப்படி எழுதித்தான் ஆகவேண்டி இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கிளாஸ் உடைத்தால் சம்பளத்தில் கழிப்பேன்" என்றார். ஒரு நாளும் கழித்ததில்லை.

வெறும் கிளாஸ் பொறுக்குவது என் வேலை. கேட்கச் சின்ன வேலை. பைன்ற் கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டே போகவேண்டும். இடது கையில் அடி, மேல்பக்கம் தோளில் சாய்ந்திருக்கும். வங்கி விடுமுறை என்கிற பொது விடுமுறைத் திங்களில் அந்த அடுக்கு காதைத் தாண்டும். சனக்கூட்டத்துக்குள் யாரும் முழங்கையால் இடிக்காமல் பக்கவாட்டில் நழுவி வரவேண்டும். கிளாஸ் அடியில் மிச்சமிருக்கும் பியர் கைச்சட்டைக்குள்ளால் கக்கம் வரைக்கும் ஓடும். இரவு அறைக்குப் போனால் நண்பன், "தவறணைக்காரன் வந்திட்டான்" என்பான். ஊரில் கள்ளுக்கடைக்குத் தவறணை என்று பெயர்.

சவுத்எண்ட் என்றால் லண்டனின் கிழக்குப்பகுதித் தொழிலாளிகளின் கடல். 1856இல் ரெயில் பாதை வந்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. துறைமுகத்திலும் தீப்பெட்டி ஆலையிலும் முதுகு முறிந்தவர்கள் வருஷத்தில் ஒரு நாள் கடல் பார்க்க வந்த ஊர் இது. உண்மையில் அது கடல்கூட இல்லை, தேம்ஸ் ஆற்றின் வாய்தான். வற்றுப் பெருக்கில் தண்ணீர் ஒரு மைலுக்கு மேல் பின்வாங்கிப் போய்விடும், பிறகு வெறும் சேறு. அதனால்தான் உலகத்திலேயே நீளமான உல்லாசக் கடற்பாலத்தை, 2.16 கிலோமீற்றர், இங்கே கட்டவேண்டி வந்தது. (ஆங்கிலத்தில் அதையும் பியர் என்பார்கள். இரண்டு பியராலும் பேர் எடுத்த ஊர் என்று நாங்கள் பகிடி விடுவோம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துத்தானே.) தண்ணீர் இல்லாத கடற்கரைக்கு வந்தவன் பகல் முழுக்க என்ன செய்வான்? நடைபாதையில் கொஞ்சம் நடப்பான், கொக்கிள்ஸ் என்கிற சின்ன மட்டி தின்பான், பப்புக்குள் போவான். 'கோல்டன் மைல்' என்று இவர்கள் சொல்கிற மரீன் பரேட் அப்படி வளர்ந்தது. 1901இல் திறந்த கேர்சால் கேளிக்கை மாளிகையும், விளையாட்டு மெஷின் கடைகளும், சிப்ஸ் கடைகளும், அவற்றுக்கு நடுவே நடுவே பப்களும்.

நான் வந்த காலத்திலும் அந்த வாசம் மிச்சம் இருந்தது. கோடை ஞாயிறுகளில் கிழக்கு லண்டனிலிருந்து 'பீனோ' கோச்சுகள் வரும். ஆலைக்காரர், சந்தைக்காரர் எல்லாரும் சேர்ந்து காசு போட்டு வருகிற ஒருநாள் பயணம். அப்போது ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டுக்குத் திறந்து மூன்று மணிக்கு மூடவேண்டும், பிறகு ஏழுக்குத்தான் திறக்கலாம். அந்த மூன்று மணிநேரத்துக்குள் ஒரு கோச்சில் வந்தவர்கள் குடிக்கிற வேகத்தை வல்லிபுரக்கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில்கூட நான் கண்டதில்லை. மூன்று மணிக்கு அம்மா பித்தளை மணியை அடிப்பார். எல்லாரும் வெயிலுக்குள் வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடைபாதைச் சுவரில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல்.

வெள்ளி இரவுகளில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மனிசன் பிரம்புக் கூடையோடு வருவான். சின்னச் சின்னக் காகிதப் பையில் றால், கொக்கிள்ஸ், நண்டுக் குச்சி. மேசை மேசையாகப் போவான். அவனுக்கு இந்த நடைபாதையில் ஒரு பாதை இருந்தது: கேர்சால் பக்கம் தொடங்கி ஒவ்வொரு பப்பாக ஏறி இறங்கி, கடற்பாலத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் போய் முடிப்பான். ஒரு பப் மூடினால் அவன் கூடையில் ஒரு பிடி மிஞ்சும். தொண்ணூறுகளின் கடைசியில் பாதிக் கூடையோடு வீட்டுக்குப் போனான். பிறகு வரவில்லை. எந்தெந்தப் பப் எப்போது போனது என்று கேட்டால் எனக்கு வருஷம் சொல்லத் தெரியாது, அவன் கூடையைத்தான் தெரியும். ஒன்று இப்போது மாடிவீடுகள். ஒன்று பேர்கர் கடை. ஒன்றை இடித்துக் கார் நிறுத்துகிறார்கள். கல்லில் குடைந்த அதன் பெயர் மட்டும் பக்கத்துக் கட்டடத்தின் மேல்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பாதியை விளம்பரப் பலகை மறைத்திருக்கிறது. நீங்கள் வாங்கியது கடைசியாக மிஞ்சியவற்றில் ஒன்று.

ஏன் மூடினார்கள்? குடி கெட்டது, கடவுள் கேட்டார் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கடவுளுக்கு வேறு வேலை இல்லையா? 2,000 பப்புக்கு மேல் வைத்திருந்த பெரிய பியர்க் கொம்பனிகள் அதற்கு மேற்பட்டதில் பாதியை விடுவிக்கவேண்டும் என்று 1989இல் அரசாங்கம் கட்டளை போட்டது. போட்டி வரும் என்று நினைத்தார்கள். வந்தது காணி வியாபாரம். பப்களை மொத்தமாக வாங்கிய புதுக் கொம்பனிகளுக்குப் பியரைவிட வாடகைதான் கண்ணில் தெரிந்தது. பிறகு 2007 ஜூலை முதலாம் திகதி புகைத்தல் தடை. அடுத்த வருஷத்திலிருந்து 2012 வரை வருஷம் தவறாமல் பியர் வரி ஏறியது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக இழுத்துப் பூட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் 60,000க்கும் மேல் இருந்த பப்கள் இப்போது 45,000 அளவில் வந்து நிற்கின்றன.

இந்தக் கணக்கில் நம் பங்கும் உண்டு. நாலு கான் இவ்வளவு என்று ஓரஞ்சுக் கடதாசியில் எழுதி யன்னலில் ஒட்டியது யார்? பப்பில் ஒரு பைன்ற் குடிக்கிற காசுக்கு என் கடையில் மூன்று கான் வாங்கலாம். சோபாவில் சாய்ந்து மாட்ச் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். 1994இல் நான் கடைக்கு லைசென்ஸ் கேட்டேன். அப்போது அது கவுன்சில் வேலையில்லை, நீதவான்கள் முன்னால் போய் நிற்கவேண்டும், நாணயமானவன் என்று காட்டவேண்டும். எனக்கு இந்த நாட்டில் யாரைத் தெரியும்? அம்மாவிடம் கேட்டேன். கடிதம் தந்தால் போதும் என்றேன். அவர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே வந்தார். ஐந்து வருஷம் இவன் என் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான், ஒரு பென்ஸ் குறையவில்லை என்று எழும்பி நின்று சொன்னார். வெளியே வந்தபிறகு நான் நன்றி சொல்ல, "என்னுடைய ஆட்கள்தான் உன் கடைக்கு வரப்போகிறார்கள், அது எனக்குத் தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வந்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். பப்ளிக் பாரில் மூலையில் இருந்து டொமினோ ஆடின கிழவர்கள் நீல நிறப் பையோடு என் கல்லாவில் நின்றபோது நான் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சில்லறை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

எல்லாப் பப்பும் கோயில் என்று நான் சொல்லவில்லை. இதே நடைபாதையில் வேறொன்றில் நானும் நண்பனும் கால் மணிநேரம் நின்றும் எங்களைக் காணாத மாதிரிக் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தான் பார்க்காரன். அதற்கு முந்தின தலைமுறைக்கு இன்னும் மோசம். கறுப்பருக்கும் ஆசியருக்கும் சலூன் பாரில் இடமில்லை என்று நேரே சொன்ன பப்கள் இருந்தன. 1965 பெப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸ் இங்கிலாந்தின் ஸ்மெதிக் நகரத்துக்கு வந்து அப்படிப்பட்ட ஒரு பப்புக்குள் போனார். அந்த வருஷக் கடைசியில் வந்த இன உறவுச் சட்டம்தான் பப் வாசலில் நிறம் பார்ப்பதைச் சட்டவிரோதமாக்கியது. இந்த அம்மாவின் பப்பிலும் ஒரு சனி இரவு மொட்டைத் தலையன் ஒருவன் என் கையிலிருந்த கிளாஸ் அடுக்கைத் தட்டிவிட்டு ஒரு சொல் சொன்னான். அம்மா பாரின் மடக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவனுடைய பியரை அவனுக்கு முன்னாலேயே தொட்டியில் ஊற்றினார். வாழ்நாளுக்கும் இந்த வாசற்படி மிதிக்கக்கூடாது என்றார். அவன் போகும்வரை மணியின் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "கூட்டுமாறு பின்னால் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு ஊர் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டுப் பின் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு ஐயா வெறும் போத்தலைத் தருவார், நான் பொட்டுக்குள்ளால் புகுந்து ஒழுங்கை வழியாகப் போய்க் கள்ளு வாங்கி வருவேன். முன் வாசலால் போனால் சனம் காணுமாம். ஐயா தவறணைக்குப் போகமாட்டார், அங்கே பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடிப்பவர்களோடு சரிசமமாகக் குந்தவேண்டி வரும். கள்ளு வேண்டும், கள்ளிறக்கியவன் வாசலுக்கு வரக்கூடாது. தேத்தண்ணிக் கடையிலும் அப்படித்தான், சிலருக்கு உள்ளே கிளாஸ், சிலருக்கு வெளியே போத்தல். இலங்கையில் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அறுபதுகளில் ஆட்கள் அடிபட்டுத்தான் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளுக்குள் நுழைய முடிந்தது. அப்போது வாசலில் நின்று மறித்தவர்கள் சொன்ன சொல் எது என்று தலைவர் அண்ணைக்குத் தெரியும். போன ஞாயிறு நம் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருப்பதும் அதே சொல்தான்.

குடியை நியாயப்படுத்த நான் வரவில்லை. நம் சனத்தில் எத்தனை வீடு குடியால் அழிந்தது என்று கடைக்காரனுக்குத் தெரிந்த அளவு ஐயருக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்குக் கை நடுங்கிக்கொண்டு கதவடியில் நின்றவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒளித்துக் குடிக்கிற குடிக்குத்தான் அடி கனம். நம் கலியாண வீடுகளைப் பாருங்கள்: மண்டபத்துக்குள் பன்னீரும் சந்தனமும், கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து வைத்துப் பிளாஸ்ரிக் கப்பில் விஸ்கி. வேலிப் பொட்டை நாம் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறோம். அந்த அம்மாவின் பாரில் குடித்தவனுக்கு வெளிச்சத்தில் குடிக்கவேண்டி இருந்தது. நாலாவது பைன்றுக்கு மேல் சில பேருக்கு அவர் ஊற்றமாட்டார். பெண்சாதி காத்திருக்கிறாள், வீட்டுக்குப் போ என்பார். போவார்கள்.

கட்டடத்தை மண்டபமாக்குவதில் எனக்கு எதிர்ப்பில்லை. அது உறுதியாகச் சொல்கிறேன். பூட்டிக் கிடந்து புறா அடைவதைவிடப் பிள்ளைகள் அங்கே பரதம் ஆடட்டும். 2017 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் பப்பை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் திட்டமிடல் அனுமதி எடுக்கவேண்டும். நீங்கள் எடுத்திருக்கிறீர்கள், சட்டப்படி சுத்தம். ஆனால் வெளிச்சுவரில் சம்மட்டி வைக்கமுன் அந்த அனுமதிப் பத்திரத்தை இன்னொரு முறை வாசியுங்கள். லண்டன் மைடா வேலில் 1920களின் தொடக்கத்தில் கட்டிய கார்ல்ற்றன் ரவேர்ன் என்ற பப்பை 2015 ஏப்ரலில் அனுமதியில்லாமல் இடித்தார்கள். இருந்தபடியே செங்கல் செங்கலாகத் திருப்பிக் கட்டு என்று உத்தரவு வந்தது. கட்டி முடித்து 2021 ஏப்ரலில் திரும்பத் திறந்தார்கள். ஊர்ச் சனம் கேட்டுக்கொண்டதால் மரபுரிமை அமைப்பு முன்கூட்டியே கட்டடத்தின் விபரங்களைப் பதிந்து வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது. நான் கவுன்சிலுக்கு எழுதப்போவதில்லை. நம் வீட்டு வழக்கை வெளியே கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழில் எழுதுகிறேன்.

இனி நான் கேட்பவை.

ஸ்கிப்பை நிறுத்துங்கள், இன்றைக்கே. பார் மேசை போய்விட்டது, சரி. பின்சுவரில் கண்ணாடி பதித்த மரத் தட்டு இன்னும் நிற்கிறது. அதை மேடைக்குப் பின்பக்கம் அல்லது தேத்தண்ணி கொடுக்கிற இடத்தில் அப்படியே விடுங்கள். போத்தல் இருந்த இடத்தில் பிள்ளைகளின் கேடயங்களை வையுங்கள். பச்சை ரைல்ஸை உடைக்கவேண்டாம். சோடாப் பவுடரும் சுடுதண்ணியும் போட்டுத் தேய்த்தால் இன்னும் நூறு வருஷம் நிற்கும், கடற்காற்றுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு மாரி தாங்காது. தேய்க்க ஆள் இல்லையென்றால் சனிக்கிழமை நான் வருகிறேன்.

மண்டபத்துக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். வாசல் நிலையில் பழைய பெயரையும், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இது பப்பாக இருந்தது என்ற ஒரு வரியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அம்மாவின் பெயர்ப்பலகை நிலவறையில் படிக்குப் பின்னால் கிடக்கிறது, நான் கண்டேன். அதை யாரும் கைவைக்கமுன் எடுத்து வையுங்கள்.

உள்ளே ஒரு சுவர் தாருங்கள். முழுச் சுவர் வேண்டாம், ரொயிலற்றுக்குப் போகிற நடை போதும். இந்த நடைபாதையிலிருந்து மறைந்த பப்கள் எல்லாவற்றின் படமும் அங்கே தொங்கட்டும். கிழவர்களின் அலுமாரிகளில் படம் இருக்கிறது. நான் வீடு வீடாகப் போய் வாங்கிப் பிரதி எடுத்துத் தருவேன், செலவு என்னுடையது. யன்னலுக்கு வெளியே எதிர்க்கரையில் தெரிந்த கிரெய்ன் மின்நிலையத்தின் 244 மீற்றர் புகைபோக்கியோடு எடுத்த படம்கூட ஒருவரிடம் இருக்கிறது. அந்தப் புகைபோக்கியையும் 2016இல் வெடிவைத்து விழுத்திவிட்டார்கள்.

மாதத்தில் ஒரு செவ்வாய் பின்னேரம், நமக்கு நிகழ்ச்சி இல்லாத நாளில், அந்தக் கிழவர்களுக்குக் கதவைத் திறவுங்கள். மது வேண்டாம். தேத்தண்ணியும் வடையும் போதும், டொமினோப் பெட்டி நான் கொண்டுவருவேன். பதினைந்து வருஷமாக என் கடை வாசலில் நின்றபடிதான் அவர்கள் ஒருவரை ஒருவர் சுகம் விசாரிக்கிறார்கள். மழை பெய்தால் அதுவும் இல்லை.

திறப்பு விழாவுக்குப் பால் காய்ச்சுங்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடையுங்கள், நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். தீட்டுக் கழிப்பு என்ற வரியைத் தீர்மானப் புத்தகத்திலிருந்து வெட்டிவிடுங்கள். அந்த அம்மாவை அழைத்து முன்வரிசையில் இருத்துங்கள். இப்போது அவர் ஷூபரி பக்கம் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், கால் நடை இல்லை, ஞாபகம் கத்தி மாதிரி இருக்கிறது. போன மாதம் போனபோது, "உன் ஆட்கள் வாங்கியிருக்கிறார்களாமே, நல்லது, கூரையைப் பார்க்கச் சொல்லு, சலூன் பக்கம் ஒழுகும்" என்றார். உங்கள் தீர்மானத்தைப் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை.

அடுத்த நிர்வாகக் கூட்டம் வருகிற வெள்ளி என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்த மடலை வாசித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள். இல்லை என்றால் யார் யார் இல்லை என்றார்கள் என்பதும் பதிவாகட்டும். இந்த முறை நான் முன்வரிசையில் இருப்பேன்.

உடைந்த கண்ணாடி கராஜில் இருக்கிறது. மற்றப் பாதியைப் புதிதாகச் செய்ய ஒரு கண்ணாடி வேலைக்காரனிடம் விலை கேட்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
அந்த பப்பில் கிளாஸ் பொறுக்கிய ஒருவன்,
சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினன்